கலெர்வோ கயானிக்குப் போய் வாங்கிய டயர்

கலெர்வோ முப்பத்தோரு வருஷம் ரோட்டுக்கு ஒட்டுப் போட்டவர். தன் ஊரான கொர்பிவாராவிலிருந்து கயானி நகரம் வரைக்கும் அறுபது கிலோமீட்டர் தார்ச்சாலையில் எந்த வளைவில் எத்தனை குழி என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒவ்வொரு ஏப்ரலிலும் பனி உருகி ரோடு வெளியே தெரியும்போது அவருக்கு வயிறு எரியும். சக்கரங்கள் ஓடிய தடத்தில் இரண்டு நீளப் பள்ளம் விழுந்திருக்கும். குளிர்காலம் பூராவும், ஐஸில் வழுக்காமல் இருக்க இரும்பு ஆணி பதித்த டயர்கள் சுரண்டிய பள்ளம். அதை நிரப்பி முடிப்பதற்குள் ஆகஸ்ட் வந்துவிடும். நவம்பரில் ஊரே மறுபடியும் ஆணி டயரை மாட்டிக்கொண்டு சுரண்டக் கிளம்பிவிடும்.

இந்த எரிச்சலை அவர் வயிற்றோடு வைத்துக்கொள்ளவில்லை. வட்டாரப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதினார். ஒன்று இரண்டல்ல, பதினாறு. முதல் கடிதத்தின் தலைப்பு, "நாம் ஓட்டுவது காரா, கலப்பையா?" பெயர், ஊர், பக்கத்தில் ஒரு சின்னப் புகைப்படம், எல்லாம் போட்டு வரும். ஒவ்வொரு கடிதத்துக்கும் அடுத்த வாரமே 'அனுபவசாலி ஓட்டுநர்' என்ற பெயரில் எவனோ மறுப்பு எழுதுவான். "தாருக்கு ஒட்டுப் போடலாம், மண்டைக்குப் போட முடியாது" என்று அவன் எழுதியிருந்த வாரம் கலெர்வோவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

போன வசந்தத்தில் அவர் ஓய்வு பெற்றார். இருந்த இரண்டு கார்களில் ஒன்றை விற்றார்கள். அவர் மனைவி ஐலா நகராட்சியின் வீட்டு நர்ஸ். காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் வீடுகளுக்குப் போய் வயதானவர்களுக்கு மாத்திரை எடுத்துவைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. அதுவரை நகராட்சி வண்டியில் போய்வந்தாள். இந்த வருஷம் நகராட்சி அந்த வண்டிகளை நிறுத்திவிட்டு, அவரவர் காரில் போகச் சொல்லிவிட்டது. ஆக, ஒரு கார், இரண்டு பேர். போன வருஷத்துக் குளிர்கால டயர்களோ தேய்ந்து போயிருந்தன.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, ஓட்ஸ் கஞ்சி சாப்பிடும்போது ஐலா பேச்சை எடுத்தாள்.

"கலெர்வோ, இந்த வருஷம் ஆணி டயர் வாங்கிடலாம்."

கலெர்வோ கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னே?"

"உனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

"என் கார்லயா? ஆணியா? ஊர் என்ன சொல்லும்?"

"நான் கட்டுப் போடற ஹன்னெஸ் வீட்டு மேட்டுல ஊரா ஏறப் போகுது? நான்தான் ஏறணும்."

"இப்ப வர்ற ஆணியில்லா டயர் எவ்வளவு முன்னேறியிருக்குன்னு தெரியுமா உனக்கு? ரப்பர்ல ஆயிரக்கணக்குல நுணுக்கமா கீறல் போட்டிருக்கான். பனியை அப்படியே கவ்விப் பிடிக்கும்."

"பனியைக் கவ்வும். மழை பெஞ்ச ஐஸைக் கவ்வுமா?"

"வருஷத்துல அப்படி எத்தனை நாள் வரும்?"

"விழறதுக்கு எத்தனை நாள் வேணும்?"

கலெர்வோ கஞ்சியைக் கிண்டினார். நடுநிலையான மனிதர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. "சரி, ஒண்ணு பண்ணலாம். முன்னாடி ரெண்டுக்கு ஆணி. பின்னாடி ரெண்டுக்கு இல்லாம."

ஐலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது சட்டப்படி தப்பு. ரோட்டுத் துறையில முப்பத்தோரு வருஷம் இருந்தவனுக்கு அதை நான் சொல்லணுமா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"உன் இஷ்டம். எதையோ வாங்கிப் போடு," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள் ஐலா.

கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷமாகியும், 'உன் இஷ்டம்' என்றால் உன் இஷ்டம் என்றுதான் அர்த்தம் என்று கலெர்வோ நம்பிக்கொண்டிருந்தார்.

இல்போவின் கடைதான் கொர்பிவாராவில் பெட்ரோல் பங்க், டயர் கடை, காப்பிக் கடை எல்லாம். கல்லாவுக்குப் பக்கத்து பெஞ்சில் காலையிலிருந்தே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். கலெர்வோ உள்ளே வந்ததும் இல்போ சத்தமாகக் கேட்டான்.

"வாய்யா, வா. ஆணி வச்சதா, வைக்காததா?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறியே."

"அதில்ல. ஐலா இப்ப மேடு பள்ளமெல்லாம் போறாளே, ஒருவேளை மனசு மாறியிருக்குமோன்னு பார்த்தேன்."

"எழுதினது எழுதினதுதான்."

"தலையும் மொட்டை, டயரும் மொட்டை," என்றான் இல்போ. "பொருத்தமாத்தான் இருக்கு." பெஞ்ச் சிரித்தது.

"நான் தலையாலயா ரோட்டுல ஓடறேன்? போய் மாட்டுடா," என்றார் கலெர்வோ.

நவம்பர் அவருக்கு மரியாதை செய்தது. ஒரே சீராகப் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி உறைகுளிர். ரோட்டில் இறுகிய, காய்ந்த பனி. புது டயர்கள் சத்தமே இல்லாமல் ஓடின. தினமும் ஐலா வேலையிலிருந்து திரும்பியதும் அவர் வாசலுக்கு வந்து கேட்பார்.

"டயர் எப்படி?"

"ஓடுது."

அந்த ஒரு சொல் போதும். டிசம்பர் முதல் வாரத்தில் பதினேழாவது கடிதம் பத்திரிகையில் வந்தது. "தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டும் என் மனைவியே ஆணியில்லா டயரின் அருமையை ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று எழுதியிருந்தார். ஐலா அதைப் படித்துவிட்டு, பத்திரிகையை நான்காக மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த வாரம் அனுபவசாலி ஓட்டுநர் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தான்: "அந்த அம்மாவையே எழுதச் சொல்லுங்களேன்."

டிசம்பர் பாதியில் ஒருநாள் விடிகாலையில் மழை பெய்தது. ஐஸ் மேல் மழை. முற்றத்தில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடித் தட்டுபோல எல்லாம் பளபளத்தது. ஐலா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கலெர்வோ சாவியை எடுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு நான் ஓட்டறேன். இந்த மாதிரி நாள்லதான் டயர் என்னன்னு தெரியும்."

"நல்லாத் தெரியும்," என்றாள் ஐலா.

முதல் வீடு ஹன்னெஸுடையது. ஹன்னெஸ் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர், இப்போது எண்பத்தெட்டு வயது, காலில் ஆறாத புண். அவர் வீடு ஒரு மேட்டு உச்சியில் இருந்தது. மேட்டின் அடியில் அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஐந்து தபால் பெட்டிகள் ஒரே சட்டத்தில் வரிசையாக நிற்கும்.

"இங்கயே நிறுத்திடு," என்றாள் ஐலா.

"எதுக்கு? மேல வரைக்கும் போறேன்."

முக்கால் மேடு வரைக்கும் கார் அழகாக ஏறியது. கலெர்வோ பெருமையோடு மனைவி பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்துக் கார் நின்றது. சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, கார்தான் போகவில்லை. பிறகு அது பின்னோக்கி நகர்ந்தது. மெதுவாக, மிக மெதுவாக.

"பிரேக்கைப் பிடி," என்றாள் ஐலா.

"பிடிச்சாச்சு."

"அப்ப விடு."

"விட்டும் பார்த்தாச்சு."

"ஸ்டியரிங்?"

"அது யார் பேச்சையும் கேக்கல."

கார் நடக்கும் வேகத்தில் இறங்கியபடியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. கலெர்வோவுக்கு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தது. ஹன்னெஸின் விறகுக் கொட்டகை வந்தது, போனது. ஏரி வந்தது, போனது. ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு நின்ற ஹன்னெஸ் வந்தார். கலெர்வோ என்ன செய்வதென்று தெரியாமல் கையை ஆட்டினார். ஹன்னெஸும் ஆட்டினார். கடைசியில் காரின் பின்புறம் தபால் பெட்டிச் சட்டத்தில் போய்ச் சாய்ந்து நின்றது. ஐந்து பெட்டிகளும் ஒரு பக்கமாகத் தலை சாய்த்தன. ஒன்று திறந்து, அன்றைய பத்திரிகை ஐஸில் விழுந்தது.

ஐலா மடியில் இருந்த பையைத் திறந்து, ஷூவுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டையை எடுத்து இரண்டு காலிலும் மாட்டினாள். அதை மாட்ட அவளுக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. கதவைத் திறந்து இறங்கி, மேட்டில் விறுவிறுவென்று நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கலெர்வோ தன் பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டார். "ஹன்னெஸ் வீட்டு மேட்டுக்கு ஐஸ்ல சரளை தூவற வண்டி எப்ப வரும்?"

"பத்தரைக்கு," என்றது மறுமுனை. "உங்க காலத்துலயும் பத்தரைக்குத்தானே அனுப்புவீங்க?"

மணி எட்டேகால். காருக்குள் உட்கார்ந்திருந்தால் விறைத்துவிடும். கலெர்வோ இறங்கினார். இரண்டாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து மறுபடி உட்கார்ந்தார். பிறகு கௌரவத்தைக் காரிலேயே விட்டுவிட்டு, பாதை ஓரத்துப் பனிக் குவியலைப் பிடித்துக்கொண்டு நாலு காலில் மேலே போனார். ஜன்னலில் ஹன்னெஸ் இரண்டாவது கோப்பை காப்பியை ஊற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"வாங்க எழுத்தாளரே," என்றார் ஹன்னெஸ், கலெர்வோ வாசற்படியில் தலை நீட்டியதும். "நான் இந்த மேட்டுல அம்பது வருஷமா இருக்கேன். ஒருத்தரும் இப்படி வந்ததில்ல."

"சரளை போடாததுதான் காரணம்," என்றார் கலெர்வோ முட்டியைத் தட்டிக்கொண்டே.

ஐலா பக்கத்து அறையில் மருந்துகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஹன்னெஸ் கோப்பையை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்காவது முக்கால் மேடு வரைக்கும் கார்ல வந்தாளே. தெனமும் கீழேயே நிறுத்திட்டு நடந்துதான் வருவா."

"தெனமுமா?"

"நவம்பர்லேர்ந்து. மேல வரைக்கும் ஓட்டிட்டு வாயேன்மான்னு சொன்னேன். நடந்தா உடம்புக்கு நல்லதுங்கிறா. பை என்ன கனம் கனக்குது பாத்தியா? மூணு வாரம் முன்னாடி அந்த வளைவுல விழுந்துட்டா. முட்டி பேர்ந்துபோச்சு. என் கால்ல கட்டுப் போடறதுக்கு முன்னாடி தன் கால்ல போட்டுக்கிட்டா."

கலெர்வோவுக்கு அந்த முட்டி ஞாபகம் வந்தது. சௌனாவில், அந்த நீராவிக் குளியலறையில், படி வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தாள். அவரும், பார்த்துப் போகக்கூடாதா என்று கேட்டுவிட்டு டீவி பார்க்கப் போய்விட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அதையும் கேட்டேனே. 'அவன் பேப்பர்ல எழுதிட்டு உக்காந்திருக்கான், ஹன்னெஸ். இப்ப போய் நான் என்னத்தச் சொல்ல? நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னா." ஹன்னெஸ் காப்பியை உறிஞ்சினார். "உன்கிட்டதானே சொல்றேன். நீ பேப்பருக்கு எழுதிடாதே."

பக்கத்து அறையிலிருந்து ஐலா கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு பேசிட்டிருக்கீங்க?"

"டயரைப் பத்தி," என்றார் ஹன்னெஸ்.

பத்தரைக்குச் சரளை வண்டி வந்தது. ஓட்டிவந்தவன் பழைய சகா. சாய்ந்த தபால் பெட்டிகளையும் காரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியை மட்டும் தொட்டான். அதுதான் கலெர்வோவுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் கலெர்வோ தபால் பெட்டிகளைப் போய் நிமிர்த்திவிட்டு வந்தார். நாலாம் நாள் ஐலாவுக்கு விடுமுறை. கயானியில் பல் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார் கலெர்வோ.

"உனக்குப் பல்லு வலின்னு சொல்லவேயில்லையே?"

"எல்லாரும் எல்லாத்தையும் சொல்லிட்டா இருக்காங்க?" என்றார் அவர். ஐலா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

கயானியில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய டயர் கடை. அங்கே தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. கம்பளித் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கல்லாப் பெண்ணிடம் குனிந்து தன் தேவையைச் சொன்னார். கருக்கலைப்பு மாத்திரைகூட யாரும் இவ்வளவு மெல்லிய குரலில் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்னது? சத்தமாச் சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண்.

"ஆணி வச்சது," என்றார் கலெர்வோ. "நாலு."

காத்திருக்கும் அறையில் அவரைத் தவிர ஒருவர்தான் இருந்தார். சிவந்த கன்னம், கனத்த உடம்பு, கலெர்வோ வயதுதான். அவரும் தொப்பியைக் கழற்றாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பினார்.

"உங்க மூஞ்சிய எங்கயோ பார்த்திருக்கேன்."

"இருக்காது."

"பத்திரிகையில."

"அது என் தம்பி," என்றார் கலெர்வோ. அவருக்குத் தம்பியே கிடையாது.

அப்போது கல்லாப் பெண் கதவைத் திறந்து, பக்கத்து ஊருக்கே கேட்கும் குரலில் கூப்பிட்டாள். "கொர்பிவாரா கலெர்வோ! ஆணி டயர் நாலும் மாட்டியாச்சு!"

சிவந்த கன்னக்காரர் கலெர்வோவை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கலப்பையா! கலெர்வோ, ஓட்டறது காரா கலப்பையா!" கலெர்வோ தொப்பிக்குள் வெந்துபோனார். சிரிப்பு அடங்குவதற்குள் கதவு மறுபடி திறந்தது.

"தார்மோ! உங்க ஆணியில்லா டயரும் ரெடி!"

சிரிப்பு அறுந்தது.

"ஆணியில்லாததுதானே?" என்றார் கலெர்வோ. "அப்புறம் எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க? நல்ல டயராச்சே."

தார்மோ தரையைப் பார்த்தார். காதுவரை சிவந்துவிட்டது. "தாருக்கு ஒட்டுப் போடலாம்..." என்று ஆரம்பித்து, மீதியை முழுங்கினார்.

கலெர்வோ தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "நீங்களா? அந்த அனுபவசாலி?"

"மெதுவாப் பேசுங்க," என்றார் தார்மோ. "நான் எம்பது கிலோமீட்டர் வந்திருக்கேன், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு."

"பத்து வருஷமா என் சோத்துல மண்ணைப் போட்டீங்களே. இப்ப ஏன் மாத்தறீங்க?"

"பேத்தி பொறந்திருக்கா. நாலு மாசம். கார்ல போட்டு ஓட்டினாத்தான் தூங்கறா. காட்டு ரோட்டுல நல்லாத் தூங்குவா. தார் ரோட்டுல ஏறினதும் ஆணி சத்தத்துல முழிச்சுக்கிட்டு அலறுறா. மக சொல்லிட்டா, டயரை மாத்து, இல்லன்னா புள்ளையத் தர மாட்டேன்னு." தார்மோ பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு?"

"என் வீட்டம்மாவை எழுதச் சொன்னீங்களே. அவ எழுதல. ஆனா எழுதாததை நான் படிச்சுட்டேன்."

தார்மோவுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார். இருவரும் இயந்திரத்தில் ஆளுக்கொரு காப்பி பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஒருவர் டயரை ஒருவர் குனிந்து பார்த்தார்கள். ஐஸ் மேல் மழை பெய்யும் நாளில் மேட்டில் ஏறாதீர்கள் என்று கலெர்வோ சொன்னார். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், அப்போதுதான் ஆணி ரப்பரில் உட்காரும் என்று தார்மோ சொன்னார். பத்திரிகைக்கு இதைப் பற்றி எழுதுவதில்லை என்று கைகொடுத்து ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் கலெர்வோவுக்கு நரகம். ரோட்டின் நடுவில் பனி காற்றில் அடித்துப்போய் தார் தெரிந்தது. நாலு சக்கரமும் சரசரவென்று இரைந்தன. தான் ஒட்டுப் போட்ட ஒவ்வொரு இடத்தின் மேலும் தன் ஆணியே ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். பாலத்துக்கு இந்தப் பக்கம், தொண்ணூற்றெட்டில் மழையில் நனைந்துகொண்டு போட்ட ஒட்டு வந்தபோது, "மன்னிச்சுக்கோ" என்று வாய்விட்டே சொன்னார்.

வீட்டு முற்றத்தில் கார் நின்றதும் ஐலா வெளியே வந்தாள். ஒன்றும் கேட்காமல் காரைச் சுற்றி வந்தாள். குனிந்து, முன் சக்கரத்தில் ஓர் ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பல் டாக்டர் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கார்," என்றாள்.

"முட்டி எப்படி இருக்கு?" என்றார் கலெர்வோ.

ஐலா நிமிர்ந்தாள். "ஹன்னெஸுக்கு வாய் நிக்காது."

"நீயாவது வாயைத் திறந்திருக்கலாம்."

"திறந்தேன். அக்டோபர்ல. கஞ்சி சாப்பிடறப்ப."

அன்று சாயங்காலம் கலெர்வோவே லவங்கப்பட்டை போட்ட பன் சுட்டார். அடியில் கொஞ்சம் கருகிவிட்டது. ஐலா கருகிய பாகத்தை எடுத்துப் போட்டுவிட்டு மூன்று தின்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவள் பெட்ரோல் போட இல்போ கடைக்குப் போனாள். அவள் கிளம்பிப் போன கையோடு கலெர்வோவுக்குப் போன் வந்தது.

"கடைக்கு வா," என்றான் இல்போ. வேறொன்றும் சொல்லவில்லை.

கலெர்வோ நடந்தே போனார். கேலிக்குத் தயாராகத்தான் போனார். பனிக்காலத்தில் நடைமுறைத் தேவை வேறு, கொள்கை வேறு என்று வழியெல்லாம் ஒரு சின்ன உரையைத் தயாரித்திருந்தார். உள்ளே பெஞ்சில் மூன்று பேரும் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. காப்பிக் குடுவையில் காப்பி இருந்தது. ஒருவரும் ஊற்றவில்லை.

"இல்போ, நான் சொல்றதைக் கேளு. கொள்கைங்கறது..."

"கொள்கையை விடு," என்றான் இல்போ. அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. "ஆணி வாங்கினியா, வாங்கு. உன் பொண்டாட்டி, உன் கார். எங்க வாங்கினே?"

கலெர்வோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கயானியில. ஐலாவைக் கேட்டேன்," என்றான் இல்போ பெஞ்சைப் பார்த்து. "இருபது வருஷமா இங்க டயர் மாட்டறேன். எங்க அப்பா இவன் அப்பாவுக்கு மாட்டினாரு. இவன் கயானிக்குப் போய் வாங்கிட்டு வர்றான்."

பெஞ்ச் தலையாட்டியது. உண்மையிலேயே வருத்தமாகத் தலையாட்டியது.

"வெக்கமா இருந்துச்சுடா," என்றார் கலெர்வோ. "அவ்வளவு எழுதிட்டு, இவங்க முன்னாடி வந்து எப்படி நிக்கறது?"

"நாங்க ஒரு வாரம் சிரிச்சிருப்போம்," என்றார் பெஞ்சில் ஒருவர். "மிஞ்சிப் போனா ரெண்டு."

"மூணு," என்றார் இன்னொருவர் நேர்மையாக.

"அந்த ஆணியில்லாததை என்ன பண்ணினே?" என்று கேட்டான் இல்போ.

"கொட்டகையில இருக்கு. ரெண்டு மாசம்கூட ஓடல."

"நாளைக்குக் கொண்டா. எவனாவது டவுன்காரன் வருவான், வித்துத் தர்றேன்." இல்போ எழுந்து ஒரு கோப்பையைத் துடைத்து, காப்பியை ஊற்றி, கலெர்வோ பக்கம் நகர்த்தினான். இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன்யா, வெக்கப்படறதுக்கு அறுபது கிலோமீட்டர் போகணுமா? இங்கயே வந்து பட்டிருக்கலாமே."

கலெர்வோ பெஞ்சில் இடம் கேட்டார். மூன்று பேரும் நகர்ந்து கொடுத்தார்கள்.